நீமாவுக்கு ஒரு வாளி சாம்பார்

போன வாரம் எனக்கு ஒரு பொன்னாடை கிடைத்தது. என்ன சாதனை என்று கேட்டுவிடாதீர்கள்... ஒரு கூட்டத்துக்குப் போனேன், அவ்வளவுதான்.

வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற வழியில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தனியார் பல்கலைக்கழகம். அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் கூட்டம் அது. பத்தி எழுதுகிற ஆசாமி பக்கத்திலேயே இருக்கிறானே என்று என்னையும் ஊர்ப் பிரதிநிதியாக உட்கார வைத்துவிட்டார்கள்.

பதிவாளர் தங்கமான மனிதர். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனி சாப்பாட்டு அறை, காரம் போடாத சமையல், பஸ்ஸில் முன் சீட் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். விழா என்றால் அந்தப் பெண்களுக்குப் பட்டுப்புடவை கட்டி, மேடையேற்றி, குத்துவிளக்கு ஏற்றச் சொல்லி, ஆளுக்கொரு பொன்னாடை! இதற்கு மேல் என்ன குறை இருக்க முடியும்? மிஞ்சிப்போனால் வைஃபை கேட்பார்கள், கொடுத்துவிடலாம் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

முதலில் எழுந்தவள் நீமா. தான்சானியாவிலிருந்து நர்சிங் படிக்க வந்த பெண். தமிழ் அவளுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் பேரம் பேசி வந்தது. அங்கே மட்டும்தான் யாரும் அவளை வரவேற்கவில்லையாம்.

"சார், எங்கள வரவேற்கறத மொதல்ல நிறுத்துங்க," என்றாள்.

பதிவாளர் கையிலிருந்த முந்திரி வாய்க்குப் போகாமல் நின்றது.

"ரெண்டு வருஷமா வரவேற்கறீங்க. உள்ள எப்ப சார் வுடுவீங்க?"

அவளோடு வந்த தோழி போன செமஸ்டரே ஊருக்குத் திரும்பிவிட்டாள். அம்மா தினமும் போனில், யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்கிறார். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதாம். இப்படியே போனால் இந்த செமஸ்டர் முடிந்ததும் தானும் மூட்டை கட்டிவிடப் போவதாகச் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது.

பதிவாளர் பதறிப்போனார். நீங்களெல்லாம் எங்கள் விருந்தாளிகள் அல்லவா என்றார்.

"விருந்தாளி ரெண்டு நாள்ல கெளம்பிடுவாங்க சார். நான் நாலு வருஷம் இருக்கணும்."

அவள் கேட்டது சின்ன விஷயம்தான். லேடீஸ் ஹாஸ்டல் மெஸ்ஸில் மாணவிகளே முறை வைத்துப் பரிமாறுவார்கள். வெளிநாட்டுப் பெண்களின் பெயரை மட்டும் மரியாதையாகத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த முறை தனக்கும் வர வேண்டும், எல்லோரோடும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்றாள். பதிவாளர் உடனே சம்மதித்தார்.

சம்மதித்தவர் சும்மா இருந்தாரா? இந்த வாரம் எனக்கு மறுபடி அழைப்பு. மெஸ் வாசலில் வாழைமரம், போட்டோகிராபர், ஒரு பேனர் — 'நீமா பரிமாறும் விழா'! சாம்பார் வாளியைத் தொடுவதற்கு முன் அவளுக்குப் பொன்னாடையும் போர்த்தினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நீமா வாளியைத் தூக்கினாள். வாளிப் பிடி சுட்டது. பொன்னாடையை நாலாக மடித்து, அதில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். போட்டோகிராபர் விட்டால்தானே? கரண்டியை உயர்த்துங்கள், இந்தப் பக்கம் பாருங்கள், சிரியுங்கள்... சாம்பார் முதல் தட்டைத் தாண்டவில்லை.

அன்றைக்குப் பரிமாறும் பொறுப்பு சங்கீதாவுடையது. பாகூர் பக்கத்துப் பெண், கரும்பு விவசாயி மகள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடி, போட்டோவுக்கு நிக்கிற? எல்லாரும் வெறும் சோத்தப் பாத்துகினு ஒக்காந்திருக்காங்க. அடியில கலக்கி ஊத்துடி, பருப்பெல்லாம் தங்கிடும்."

பதிவாளர் முகத்தில் ஈயாடவில்லை. வெளிநாட்டு மாணவியை 'டி' போட்டு...

நீமாவோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "இதோ வந்துட்டன்டி," என்று வாளியோடு ஓடினாள்.

கடைசிப் பந்தியில் சங்கீதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காரத்தில் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டாள். ஊருக்குக் கிளம்பும் யோசனை என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்க சார் போறது? காலையில இட்லிக்குச் சீக்கிரமே வரச் சொல்லியிருக்கா. லேட்டானா திட்டுவா."

வரவேற்க ஆள் இருந்தால் விருந்தாளி. திட்ட ஆள் இருந்தால்தான் ஊர்க்காரி!