எந்த மேசையில் உட்காருவது

திருப்பதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு ஹோட்டலில் கேப்டன். வாசலில் நின்று, வருகிறவர்களை எந்த மேசைக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது அவர் வேலை. நான் ஏர்பேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். எனக்கு ஊர் அரக்கோணம், அவருக்கு ஆந்திர எல்லையோரத்துப் பாலசமுத்திரம். இரண்டு பேருக்கும் முப்பது தாண்டியிருந்தது.

போக்கர் சீட்டாட்டச் செயலியை முதலில் போனில் இறக்கியது நான்தான். ஆந்திராவுக்குள் பணம் வைத்து ஆட அது விடாது. தினமும் கொஞ்சம் சிப்ஸ், அதாவது விளையாட்டுக் காசு, இலவசமாகத் தரும், அதை வைத்து ஆடிக்கொள்ளலாம். மேசைகள் வரிசையாகத் திரையில் வரும். சிறிய மேசையில் நூறு சிப்ஸ் இருந்தால் உட்காரலாம், பெரியதில் லட்சம் வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. கையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குப் பெரிய மேசையாகத் தேடிப் போய் உட்காருவேன்.

அவரும் இறக்கினார், ஆனால் ஆடவில்லை. உட்காராமலே ஒரு மேசையை வேடிக்கை பார்க்கலாம். வாரக்கணக்கில் அதையே செய்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்படி என்னதான் பார்க்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒன்னுமில்லபா. யாரு எதுக்கு வந்துகிறாங்கன்னு பாக்கறேன்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆறு பேரில் நாலு பேர் எந்தச் சீட்டு வந்தாலும் சிப்ஸ் வைத்து உள்ளே வருகிற மேசை நல்ல மேசை. ஐந்து பேர் ஆடாமல் சீட்டைக் கீழே போட்டுவிட்டு, ஏமாறுகிற ஒருத்தர் வரும்வரை காத்திருந்தால் அந்தப் பக்கம் போகாதே. தோற்றதும் உடனே மறுபடி சிப்ஸ் வாங்கி உட்காருகிறவர் யார் என்று பார். அவர் எழுந்து போகும்வரை நீயும் எழாதே.

அவர் கை காட்டிய மேசையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தேன். நானாகப் போய் உட்கார்ந்தால் டீ ஆறுவதற்குள் சிப்ஸ் தீர்ந்துவிடும். இரண்டு வாரம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

அந்த வருடம் அவருடைய அக்கா மகனுக்குப் பாலசமுத்திரத்தில் காது குத்தினார்கள். அவர்தான் தாய்மாமன், அவர் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். என்னையும் அழைத்துப்போனார். சாப்பாடு முடிந்து, அவர் மாமாவின் கரும்புத் தோட்டத்துப் பக்கம் நடந்தோம். தெற்கு வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. வரப்பில் நின்று சும்மா செயலியைத் திறந்தேன். அரக்கோணம் போகும்போது வீட்டில் அதைத் திறந்ததே இல்லை. அதுவரை நான் பார்க்காத ஒரு பட்டியல் வந்தது. எல்லாமே பணம் வைத்து ஆடும் மேசைகள்.

லட்சங்களில் ஆடிப் பழகிய எனக்கு இருபத்தைந்து ரூபாய், ஐம்பது ரூபாய் மேசையெல்லாம் அற்பமாகத் தெரிந்தது. அவர் என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"தோத்துட்டா, பஸ்ல போறப்ப அதையே நெனச்சிக்கினு வருவியா?"

வருவேன் என்றேன்.

"அப்ப அதைவிடச் சின்னதுல உக்காரு."

செயலிக் கணக்கில் இருநூறு ரூபாய் போட்டு, பட்டியலிலேயே மிகச் சிறிய மேசைகளுக்கு வந்தேன். நான்கைந்தை நிதானமாகப் பார்த்து ஒன்றைக் காட்டினார். உட்கார்ந்தேன். அங்கே யாரும் அவர் சொன்ன மாதிரி ஆடவில்லை. இரண்டு ரூபாய்க்கு ஒருவர் அரை நிமிடம் யோசித்தார். எனக்கு இரண்டு ராணிகள் வந்தன, நல்ல சீட்டு. யாரோ பன்னிரண்டு ரூபாய் வைத்ததும் அவற்றைப் போட்டுவிட்டேன். முந்தின நாள்தான் ஒன்றுமில்லாத சீட்டுக்கு மூன்று லட்சம் சிப்ஸை வைத்திருந்தேன்.

"இவங்க வேற ஆளுங்கபா," என்றார் அவர். "முதல்லேர்ந்து பாக்கணும்."

அப்போது அவர் அக்கா டீ குடிக்கக் கூப்பிட்டார். கையில் சீட்டோடு வீட்டுப் பக்கம் நடந்தேன். சில அடிகளில் திரை மங்கியது. உங்கள் மாநிலத்தில் பணம் வைத்து ஆட அனுமதியில்லை என்று வந்தது. வரப்புக்கு ஓடினேன், மேசை திரும்பி வந்தது. என் சீட்டைச் செயலியே கீழே போட்டுவிட்டிருந்தது.

போனுக்கு மாநிலம் சரியாக எந்த இடத்தில் மாறுகிறது? இரண்டு பேருக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. திரையைப் பார்த்தபடியே போய்ப் போய் வந்தோம். எல்லை வரப்பில் இல்லை. தோட்டத்துக்குள் இருபது அடி தள்ளி, மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. மறுமுறை பார்த்தால் இரண்டடி நகர்ந்திருந்தது. அவர் மாமா டீயோடு வந்து, சிக்னல் லேதா என்று தெலுங்கில் கேட்டார்.

"சிக்னல் கீது மாமா. கோடுதான் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

திரும்பும் பேருந்தில் அவர் முதல்முறையாகத் தானே ஆடப் போவதாகச் சொன்னார். இலவச மேசைகளில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். புத்தூர் வருவதற்குள் அத்தனை சிப்ஸும் போய்விட்டது. அவர் தேர்ந்தெடுத்த மேசையில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"உக்காந்தப்புறம் மத்தவங்க யாருமே கண்ணுக்குத் தெரியலபா. என் சீட்டு மட்டும்தான் தெரிது."

பிறகு சட்டம் வந்து, பணம் வைத்து ஆடும் மேசைகள் நாடு முழுக்க மூடப்பட்டன. என் மீதிப் பணம் வங்கிக்குத் திரும்பியது. அவர் சித்தூரில் வேறொரு ஹோட்டலுக்குப் போய்விட்டார். போன வாரம் பேசும்போது, மத்தியான ஓய்வில் இலவச மேசையில் பத்து நிமிடம் ஆடுவதாகச் சொன்னார். இப்போதாவது மற்றவர்கள் தெரிகிறார்களா என்று விசாரித்தேன்.

"எதிர்ல இருக்கறவன் மட்டும் கொஞ்சமா தெரியறான்," என்றார்.