சுத்துதா, சுத்தலையா

முழு உருண்டையான அணுக்கரு சுழல்கிறது என்று சொல்ல வழியே இல்லை. எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் கிட்டத்தட்ட உருண்டையான சில அணுக்கருக்கள், சுழல்கிற மாதிரியே ஒழுங்கான இடைவெளியில் காமா கதிர்களை விடுகின்றன. அங்கே சுழல்வது உருவம் இல்லை, காந்தம். சில புரோட்டான்களின் சுழற்சியும் சில நியூட்ரான்களின் சுழற்சியும் திறந்த கத்தரியின் இரண்டு அலகு போல விலகி நிற்கும். சுழற்சி கூடக் கூட அலகுகள் மூடும், காந்தம் குறையும். நான் எடுத்துக்கொண்ட அணுக்கருவில் அந்தக் குறைவைக் காட்டினால்தான் எனக்கு டாக்டர் பட்டம்.

பாகூரில் நெல்லும் கரும்பும் வைக்கிற என் அப்பாவுக்கு இதில் ஒரே கேள்விதான். போன் பண்ணும்போதெல்லாம் கேட்பார்: "இன்னாம்மா, சுத்துதா சுத்தலையா?"

அதைச் சொல்ல, கதிர் விட்டு விட்டு இறங்கும் ஒவ்வொரு ஆற்றல் படியிலும் அணுக்கரு எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளக்க வேண்டும். அந்த நேரத்தை வைத்துத்தான் காந்தத்தின் அளவைக் கணக்கிட முடியும். மெல்லிய உலோகத் தகட்டை ஈயத் தகட்டோடு சேர்த்து, கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு ஒட்ட அழுத்துவோம். முடுக்கியிலிருந்து பாய்ந்து வரும் அயனிக் கற்றையான பீம் மோதியதும் பிறக்கும் அணுக்கரு ஈயத்துக்குள் பாய்ந்து நிற்கும். ஓடும்போது கதிர் விட்டதா, நின்ற பிறகு விட்டதா என்பது திரையில் விழும் கோட்டின் வடிவத்தில் தெரியும். தகடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் எல்லாம் போச்சு.

வடக்கே ஓர் ஆய்வு மையத்தில் வெகுநாள் காத்திருந்து பீம் கிடைத்தது. பாதி நேரம் இயந்திரம் படுத்துக்கொண்டது. பதிவாகும் கதிர்களின் எண்ணிக்கை ஏறவேயில்லை. என் கைடு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பீம் கரன்ட்டைக் கொஞ்சம் ஏத்தும்மா" என்றார்.

"ஈயம் தாங்குமா சார்?"

"தாங்கும், தாங்கும்."

ஏற்றினோம். எண்ணிக்கை எகிறியது. எல்லோரும் டீ குடித்துச் சிரித்தோம்.

பீம் முடிந்து, தகடு வைத்திருந்த கலத்தைத் திறந்தால், தகடு பூரி மாதிரி உப்பியிருந்தது. சூட்டில் ஈயம் இளகி விலகிவிட்டது. எப்போது விலகியது என்று தெரியாததால் எந்தத் தரவையும் நம்ப முடியாது. கைடு எட்டி நின்று பார்த்து, "அடடா" என்றார். அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தகட்டை அவர் மேலேயே வீசியிருப்பேன்.

மறுபடி விண்ணப்பித்தோம், பீம் தரவில்லை. உதவித்தொகை நின்றது. 'காந்தச் சுழற்சியாக இருக்கலாம்' என்று ஆய்வேட்டில் எழுதினேன். அளந்துவிட்டு வரச் சொல்லித் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். எதை வைத்து அளப்பது? மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

அப்பா வாசலிலேயே கேட்டார். "தெரியலப்பா. இனிமே தெரியாது" என்றேன். அவர் என் பெட்டியை உள்ளே எடுத்துப் போனார்.

இப்போது திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குத் தனி ஊசல் ஆட்டிக் காட்டுகிறேன். போன வாரம் எங்கள் ஊரில் பஸ்ஸுக்காக டீக்கடை ஓரம் நின்றபோது உள்ளே அப்பாவின் குரல் கேட்டது.

"எம் பொண்ணு கண்டுபுடிச்சிட்டாப்பா. சுத்துதாம். காந்தம்தான் சுத்துதாம்."

"அப்ப பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டாச்சா?" என்று யாரோ கேட்டார்.

"வர்ற மாசம் குடுத்துடுவாங்க."

பஸ் வந்தது. அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினேன்.