சேர்த்துத் தைத்த கை

அந்த நாட்டில் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே வலது கையை நெஞ்சில் வைத்து விறைப்பாக நிற்கவும் பழகிவிடும். அதுதான் நாட்டு வணக்கம். விடுதலை அறிவித்த அன்று தலைவர் அப்படித்தான் நின்றாராம். பாடப்புத்தகம் அதை உணர்ச்சிப் பெருக்கு என்கிறது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரம்மாவிடம் கேட்டால், "உணர்ச்சியாவது மண்ணாங்கட்டியாவது! கையைக் கோட்டோட சேர்த்துத் தச்சது நான்" என்பார்.

கேட்டவர்கள் சிரித்துவிட்டு, பாவாடைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் நடந்தது அதுதான். அன்று மேடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. கொடி தைத்தவர்கள், தடை இருந்த காலத்தில் துண்டறிக்கைகளைப் பால் கேனில் போட்டுக் கடத்தியவர்கள், சிறைக்குப் போய் வந்தவர்கள், இத்தனை பேருக்கும் சமைத்துக் கொட்டியவர்கள் எல்லாம் அதற்குள் இருந்தார்கள். அத்தனை பேரும் பெண்கள். மேடையில் இருந்தவர்கள் ஆண்கள்.

மேடை ஏறப்போகிற நேரம் பார்த்துத் தலைவரின் கோட்டில் நெஞ்சுப் பொத்தான் பிய்ந்து தொங்கியது. கழற்றிக் கொடுங்கள் என்றால் மனிதர் மறுத்துவிட்டார். உள்ளே சட்டைக்கு முதுகே இல்லை. போட்டபடியே தைக்க வேண்டியதாயிற்று. அவரோ கையை வீசி வீசிப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் ஆடாம நில்லுங்க ஐயா!" என்று தையல்காரம்மா போட்ட அதட்டலில் கை நெஞ்சுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. வெளியே கூட்டம் கத்த, கைகால் ஓடாத அவசரத்தில் பொத்தானோடு கோட்டுக்கையும் சேர்ந்து தையலில் மாட்டியது. நூலைப் பல்லால் கடித்துவிட்டுத் தலைவரை மேடைக்குத் தள்ளினார்.

மேடையில் மைக் வைத்திருந்தவர் வேறு யாருமில்லை, தையல்காரம்மாவின் கணவர். வாடகைக்கு மைக்செட் விடுவது அவர் தொழில். அந்த மைக் 'கீ' என்று ஒரு கத்துக் கத்திவிட்டு மூச்சை விட்டது. தலைவர் பேசிய ஒரு சொல்லும் யார் காதிலும் விழவில்லை. கூட்டம் கண்டதெல்லாம் நெஞ்சை விட்டு இறங்காத ஒரு கை, அதை இழுத்து இழுத்துக் கலங்கிப்போன இரண்டு கண்கள். முன்வரிசையில் ஒருவர் விம்மி அழுதபடி தன் நெஞ்சில் கை வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த மைதானமே வைத்தது. நாடு பிறந்துவிட்டது.

தலைவர் சாகும்வரை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எந்தத் தலைவர்தான் திறப்பார்? மைக்செட்காரருக்கு, விடுதலைக் குரலை மக்களிடம் சேர்த்தவர் என்று பதக்கம் கொடுத்தார்கள். ஊமை மைக்குக்குப் பதக்கம் தந்த நாடு வேறெங்கும் இருக்க முடியாது. மனுஷன் அதைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று மனைவி கேட்டால், "வீட்டு விஷயத்தை ஏன் வெளியில போடணும்?" என்று நழுவிவிடுவார்.

நினைவு மண்டபம் கட்டினார்கள். அதிகாரி ஒருவர் கடைக்கே வந்து தையல்காரம்மாவின் பழைய தையல் மிஷினைக் காட்சிக்குக் கேட்டார். பெயர் போடுவார்கள் என்ற ஆசையில் அவரும் துடைத்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தனுப்பினார்.

திறப்பு விழாவுக்கு முன்பு கணவரோடு போய்ப் பார்த்தார். பெரிய சுவர் முழுக்க ஆண்களின் படங்கள். மைக்செட்காரர் படம் ஜன்னல் அகலத்துக்கு இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்குப் பக்கத்தில், மிஷின். அதன்மேல் ஓர் அட்டை: 'தையல் இயந்திரம். பயன்படுத்தியவர் பெயர் தெரியவில்லை.' கொடி தைத்தவர்களுக்கும் கேன் சுமந்தவர்களுக்கும் அதுகூட இல்லை.

"ஏம்பா, எங்கிட்டதானே வாங்கிட்டு வந்தே?"

"ஆமாம்மா. ஆனா மேடையில இருந்தவங்க பேரைத்தான் போட முடியும்" என்றார் அதிகாரி.

"அந்த மைக்கு பேசவே இல்லப்பா. சும்மா மேடையில நின்னுச்சு!"

"அதனாலதாம்மா மைக்குக்கும் பேர் போட்டிருக்கோம்."

மைக்செட்காரர் கூரையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். அட்டையைவிட அதுதான் தையல்காரம்மாவுக்கு வலித்தது.

விழா நாள். மைக்செட்காரர்தான் வணக்கத்தைத் தொடங்கி வைக்க வேண்டும். மேடை ஏறப்போகிற நேரம் பார்த்து அவர் கோட்டில் நெஞ்சுப் பொத்தான் தொங்கியது. எப்படித் தொங்கியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

"போட்டபடியே தச்சுடறேன். கையை நெஞ்சுல வைங்க. ஆடாதீங்க" என்றார் மனைவி. ஊசியில் நூல் இரட்டையாக இருந்தது.

மைக்செட்காரர் நெஞ்சில் கையோடு மேடைக்குப் போனார். மண்டபமே எழுந்து கை வைத்தது. நாட்டுப் பாடல் முழங்கி முடிந்தது. தொடங்கியவர் கையை இறக்கும்வரை மற்றவர்கள் இறக்கக்கூடாது என்பது முறை. மைக்செட்காரர் இழுத்தார். வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வாத்தியக்காரர்கள் மறுபடி வாசித்தார்கள். மறுபடியும். அமைச்சருக்கு மூக்கு அரித்தது, சொறிய வழியில்லை.

"அடியே, எங்கடி இருக்கே? கத்தரிக்கோலை எடுத்துட்டு வா!" என்று மைக்செட்காரர் முணுமுணுத்தார். அன்று பேசாத மைக் இன்று அதைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தையல்காரம்மா கத்தரிக்கோலோடு ஆடி அசைந்து மேடை ஏறினார்.

"சொல்லுங்க. அப்புறம் வெட்டறேன்."

"இங்கேயா?"

"இங்கேதான்."

மைக்செட்காரர் அமைச்சரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை.

"அன்னிக்கும் இவதான் தச்சா" என்றார். "தலைவர் கை மாட்டிக்கிச்சு. என் மைக்கு வேலையே செய்யல. கொட்டகைக்குள்ள இவளை மாதிரி நிறைய பேர் இருந்தாங்க. கொடி தச்சது, நோட்டீஸ் கடத்தினது எல்லாம் அவங்கதான். எனக்குத் தெரியும். பதக்கம் போயிடுமோன்னு சொல்லாம இருந்துட்டேன்."

தையல்காரம்மாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. தடவிப் பார்த்துத்தான் நூலைக் கண்டுபிடித்தார். 'கிரிச்' என்ற சத்தம் மைக்கில் கேட்டது. மண்டபத்துக் கைகள் எல்லாம் ஒன்றாக இறங்கின. அமைச்சர் ஆசை தீர மூக்கைச் சொறிந்தார்.

அட்டையை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார்களாம். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் கடைக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்தில் காலை வணக்கம் முடிந்ததும் பிள்ளைகள் கையை அப்படியே இறக்குவதில்லை. இடது கை விரல் இரண்டைக் கத்தரிக்கோலாக்கி, வலது மணிக்கட்டுக்குக் கீழே ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் இறக்குகிறார்கள். கூடாது என்று ஆசிரியர்கள் சொல்லிப் பார்த்தார்கள். வெட்டாமல் கை எப்படி வரும் டீச்சர் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.