ஒற்றை இறக்கையில் வைத்த சந்தனம்

வேங்கிக்காலில் ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அதனால் ரிமோட்டில் பறக்கும் சின்ன ஹெலிகாப்டர் ஒன்று வாங்கி, வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் ஓட்டப் பழகினேன். இதில் இறக்கைகளின் சாய்வையே ரிமோட்டில் மாற்ற வேண்டும். விரல் கொஞ்சம் அசைந்தாலும் எகிறிவிடும். ஒரு மாதமாகியும் முழங்கால் உயரத்தில்கூட நிலையாக நிற்கவில்லை. எனக்கு எரிச்சல்தான் ஏறியது.

ஆயுத பூஜைக்குக் கடைச் சாமான்களோடு அதையும் வைத்தேன். முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஓர் இறக்கையில் மட்டும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் காலை அப்படியே கிளப்பினேன். ஹெலிகாப்டர் நடுங்கியது. என் கைதான் சரியில்லை என்று நினைத்து, கோபத்தில் வேகத்தைக் கூட்டினேன். அந்த இறக்கை பிய்ந்து, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவியின் காதோரமாகப் பறந்து, கொடியிலிருந்த புடவையைக் கிழித்தது.

"அங்க எதுக்குடி நின்ன?" என்று கத்தினேன்.

அவள் இறக்கையை எடுத்துப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது.

"ஊர்ல எவன் ஃபேன் ஆடினாலும் ஒரு ரெக்கை வெயிட் ஜாஸ்தின்னு சொல்றீங்க. உங்களுது மட்டும் ஆடாதா?"

ரிமோட்டைக் கீழே வைத்தேன். செய்தது முட்டாள்தனம்.

இப்போது பொட்டு ரிமோட்டுக்கு மட்டும்தான். கொடிப்பக்கம் ஆள் இருந்தால் ஹெலிகாப்டரை வெளியே எடுப்பதில்லை. நடுங்கினால் உடனே நிறுத்துகிறேன். கிளப்பும் முன் இரண்டு இறக்கைகளையும் துடைக்கிறேன், அந்தக் கிழிந்த புடவைத் துணியால்.