மச்சான் முறையும் தண்ணீர் முறையும்

மழை பெய்த வருடத்தில் வட்டவிதானைக்குக் கிடைப்பது நெல்லு. பெய்யாத வருடத்தில் கிடைப்பது ஏச்சு. வட்டவிதானை என்பது பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. குளத்துத் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று பார்த்து, மடையைத் திறந்து மூடுகிற வேலை. கந்தளாய்ப் பக்கம் எங்கள் ஊருக்கென்று ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அதைக் குளம் என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். போன மாரி எங்களை ஏமாற்றிவிட்டுப் போக, அரைக் குளம் தண்ணீரோடு, கோடையில் விதைக்கிற சிறுபோகம் வந்தது. அந்தப் போகத்துக்குத்தான் நான் வட்டவிதானை. கோயில் சபை, பள்ளிவாசல் நிர்வாகம், பெற்றார் சங்கம் என்று எதிலாவது பொறுப்பெடுத்து வாங்கிக் கட்டியவர்கள் இதை வாசித்தால், என்னுடைய பாடு உங்களுக்கு நன்றாகவே விளங்கும்.

பல்லுப் பிடுங்கப் போன நாள்

வயல் செய்கிற கமக்காரரின் கூட்டம் நடந்த அன்று நான் பல்லுப் பிடுங்க ஆசுபத்திரிக்குப் போயிருந்தேன். "ஆர் வட்டவிதானை?" என்று கேட்டால் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் தங்கள் கால் பெருவிரலைப் பார்ப்பார்கள். வராதவனுக்கு அந்த வசதி கிடையாது. நான் வீங்கின கன்னத்தோடு வீட்டுக்கு வர, எங்கள் கமக்காரர் அமைப்பின் தலைவர் ஹனிபா நானா வாசல் படலையடியில் நின்றார். கிண்ணியாவில் பிறந்து, எங்கள் ஊரில் வயல் வாங்கி, எங்கள் சண்டைகளையும் சேர்த்து வாங்கிக்கொண்ட மனிதர். கெட்ட செய்தியைச் சிரித்த முகத்தோடுதான் சொல்வார்.

"ஒங்களத்தான் ஏகமனதாத் தெரிவு செஞ்சிருக்கம்" என்றார். எனக்கு வாயைத் திறக்க ஏலாது. பஞ்சு வைத்த கன்னத்தைக் கையால் காட்டினேன், தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். நானா என் தோளில் தட்டினார்.

"ஏச்சுக் கேக்கக் காது போதும் தம்பி, வாய் தேவையில்ல."

எல்லோரும் தூக்கிய கை

அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் எடுத்திருந்தார்கள். குளத்தில் அரைவாசித் தண்ணீர்தான் இருக்கிறது, ஆகவே ஒவ்வொருவரும் தன் வயலில் அரைவாசியை மட்டும் விதைப்பது, மிச்சத்தைத் தரிசாக விடுவது. நல்ல தீர்மானம். எல்லோரும் கை தூக்கினார்கள். பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போய் முழு வயலையும் விதைத்தார்கள். மற்றவர்கள் அரைவாசி விதைப்பார்கள்தானே, மிஞ்சுகிற தண்ணீரில் நம்முடைய மற்ற அரைவாசியும் விளைந்துவிடும் என்பது ஒவ்வொருவருடைய கெட்டித்தனம். ஊர் முழுக்கக் கெட்டிக்காரர்களாக இருந்தால் ஒரு குளம் என்ன செய்யும்?

சொன்னபடி அரைவாசி விதைத்தது ஒரே ஒருவர்தான். வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் வயல் வைத்திருக்கிற ஜெசிந்தா அக்கா. புருஷன் கட்டாரில் வேலை. விதைப்பு, பசளை, மருந்து எல்லாம் அவவேதான். அந்தப் பச்சைத் துண்டையும் பக்கத்தில் வெடித்துக் கிடந்த தரிசையும் பார்த்த அன்றே, வேறு யாருடையது போனாலும் இந்த அரைவாசி வயல் விளையவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

அந்தச் சூட்டோடு முதல் மடைக்குப் போனேன். அங்கே வயல் வைத்திருப்பவர் செல்வராசா. குளத்திலிருந்து வருகிற தண்ணீர் அவருடைய வரம்பைத் தொட்டுவிட்டுத்தான் மற்ற எங்கேயும் போகும். முழு வயலும் பச்சைப்பசேல் என்று நின்றது. "கூட்டத்தில நீங்களும் கை தூக்கினீங்களாமே?" என்று கேட்டேன். அவருக்கு ஒரு சொட்டு வெட்கமும் இல்லை.

"கையைத்தானே தூக்கினனாங்கள், சத்தியமோ செய்தனாங்கள்?"

இரண்டு முறை

தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் முறை வைத்தேன். இன்றைக்கு இன்னார் வயலுக்கு, நாளைக்கு இன்னாருக்கு. முறைத் தண்ணீர் என்றால் எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். இந்தத் தடவை கடைசி வயலிலிருந்து தொடங்கி மேலே வருவது என்று நான் அறிவித்ததுதான் பிழையாகப் போயிற்று. முதல் மடைக்காரர்கள் முறைத்தார்கள். இரண்டு பேர் பொலிசில் முறைப்பாடு செய்யப்போவதாகச் சொன்னார்கள்.

செல்வராசா மட்டும் கோபப்படவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். என் மனைவியிடம் சுகம் விசாரித்தார். அவளுடைய அம்மாவுக்கும் தன்னுடைய பெரியம்மாவுக்கும் இடையில் எங்கேயோ ஓடிய சொந்தத்தைத் தேடிப்பிடித்து, தான் அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மச்சான் முறை என்று நிறுவினார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் எங்களுக்கு அப்படி ஒரு மச்சான் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "முறை எண்டால் முறைதான் மச்சான், கடைசி வயலுக்குத்தான் முதல்" என்றேன் நானும் விடாமல். அவர் வாழைப்பழச் சீப்பை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தண்ணிக்கு முறை பாக்கிற ஆள், மனிசருக்கு முறை பாக்க மாட்டீங்களோ?"

லைக்

நடு வாய்க்காலில் ஒரு துண்டு வயல் அன்புவழிபுரத்து ஐயா ஒருவருக்குச் சொந்தம். பட்டணத்தில் உத்தியோகம். வயலுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றாமல் வரம்பில் நின்றே விவசாயம் செய்துவிட்டுப் போவார். தன்னுடைய வயல் நிறைந்ததும் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் போதும், உடனே ஆள் அனுப்பி மடையை மூடுவிப்பேன் என்று சொல்லியிருந்தார். நானும் அப்படியே, "ஐயா, உங்கள் வயல் நிறைந்துவிட்டது, மூட ஆள் அனுப்புங்கள்" என்று போட்டேன். போட்ட கையோடு பெருவிரல் ஒன்று வந்தது. அதை நம்பி நான் அடுத்த வேலைக்குப் போனேன்.

ஆள் வரவில்லை. வயல் நிரம்பி, வரம்பு உடைந்து, தண்ணீர் கழிவு வாய்க்காலுக்குள் விழுந்து காடு கரம்பெல்லாம் பாய்ந்து போயிற்று. அது அடுத்த சுற்றில் கடைசி வயலுக்குப் போயிருக்கவேண்டிய தண்ணீர். ஐயாவைப் போனில் பிடித்து நன்றாகக் கேட்டேன். அவர் என்னைவிடக் கோபமாக இருந்தார்.

"நான்தான் லைக் போட்டனானே, அதுக்குப் பிறகும் மடையை மூடாமல் நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

பிழையான விலாசம்

குளத்தில் சேறு தெரிந்ததும் ஊருக்குக் கடவுள் ஞாபகம் வந்தது. கோயிலில் அபிஷேகம், பள்ளிவாசல்காரர் திடலில் மழைத் தொழுகை, தேவாலயத்தில் விசேஷ பூசை. எல்லாம் ஒரே கிழமைக்குள். ஒருவரும் மற்றவரைக் குறை சொல்லவில்லை. அந்த ஒற்றுமையைப் பார்த்தால் கல்லும் கரையும். அந்தக் கிழமையின் ஏழாம் நாள் பின்னேரம் வானம் கறுத்தது, இடித்தது, தென்மேற்கிலிருந்து வந்த சோளகக் காற்று மேகத்தைக் கடற்பக்கம் ஒரு தள்ளுத் தள்ளியது. கடற்கரையோரம் உப்புவெளியில் இருக்கிற என் தங்கச்சி போன் எடுத்து, அங்கே றோட்டுக்கு மேலால் வெள்ளம் ஓடுகிறது, துறைமுகப் பக்கம் கண் தெரியாத மழை என்று சந்தோஷமாகச் சொன்னாள். எங்கள் ஊரில் தூசி அடங்கக்கூட ஒரு துளி விழவில்லை.

உப்புத் தண்ணீருக்குள் போய் விழுகிற மழையை நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஹனிபா நானா அண்ணாந்து பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தார்.

"மூணு பகுதியும் கேட்டது சரிதான் தம்பி, விலாசத்த மட்டும் பிழையாச் சொல்லிப்போட்டம்."

சூடாக்கி வைத்த மோட்டர்

ஜெசிந்தா அக்காவின் நெல் குடலைக்கு வந்தது. கதிர் உள்ளே திரண்டு வெளியே வரப்பார்க்கிற நேரம். அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வரும், அரிசி வராது. குளத்தில் இன்னும் ஒரு தரம் திறந்துவிட மட்டும் தண்ணீர் இருந்தது. அது கடைசி வயலுக்கே என்று ஹனிபா நானாவும் நானும் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். எல்லோரும் "ஓம், ஓம், பாவம் அந்தப் பிள்ளை" என்றார்கள்.

பட்டப்பகலில் திறந்தேன். நான் வாய்க்கால் கரையாலேயே தண்ணீரோடு நடந்தேன். முதல் மடையைத் தாண்டும்போது முழங்கால் அளவு இருந்த தண்ணீர், நடு வாய்க்காலில் கணுக்கால் அளவுக்கு வந்தது. அதற்கப்பால் ஈரம் மட்டும். ஜெசிந்தா அக்கா மண்வெட்டியோடு தன் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றா. என்ன ஆயிற்று என்று அவ கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

திரும்பி ஓடினேன். வாய்க்கால் கரையெங்கும், நான் கடந்து போகும்வரை காத்திருந்து இயக்கிய தண்ணீர் மோட்டர். ஒருவர் தென்னோலைக் கிடுகால் மூடியிருந்தார், ஒருவர் சாக்கால். செல்வராசா கட்டில் விரிப்பால் மூடியிருந்தார். பூப்போட்ட விரிப்பு, உள்ளே மோட்டர் உறுமுகிறது, குழாய் வாய்க்காலுக்குள் கிடக்கிறது. விரிப்பைப் பிடித்து இழுத்தேன். கமக்காரர் அமைப்பைக் கூட்டினால் என்ன என்று பார்த்தால், கூட்டத்துக்கு வரவேண்டிய அத்தனை பேருக்கும் மோட்டர் இருக்கிறது. செல்வராசா முகத்தைத் துடைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்:

"மோட்டர் ஓடினால் தண்ணி எடுக்கிறன் எண்டோ மச்சான் அர்த்தம்? சும்மா சூடாக்கி வைக்கிறன்."

மாட்டுக்குக் கொஞ்சம்

அறுவடை வந்தது. மேல் வயல்களில் வெட்டு மெசின் ஓடியது. ஜெசிந்தா அக்காவின் வயலில் கதிர்கள் தலை குனியாமல் நேராக நின்றன. கசக்கிப் பார்த்தேன், அத்தனையும் சப்பி, உள்ளே ஒன்றுமில்லை. வெட்டினால் மெசினுக்கு ஊற்றுகிற எண்ணெய்க் காசுக்கும் கட்டாது என்று மெசின்காரர் வரம்போடு திரும்பிப் போய்விட்டார். ஊரில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவருக்கு ஊர் கொடுத்த பரிசு அது. எனக்கு அவவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் செல்வராசா வந்து என் கையைப் பிடித்தார். மாடுகளுக்குப் புல் இல்லையாம். அந்தச் சப்பி வயலில் மேய விட்டால் புண்ணியமாம். தான் போய்க் கேட்டால் சரிவராது, நான் கூட வந்தால் அக்கா மறுக்கமாட்டாவாம். மச்சான் முறைக்கு இதையாவது செய்யக்கூடாதா என்றார். பின்னால் போனேன். ஜெசிந்தா அக்கா அவர் சொன்னதை முழுக்கக் கேட்டா. குரலை உயர்த்தவில்லை.

"ஓம் அண்ணை, வாய்க்காலுக்குள்ளாலேயே ஓட்டிக்கொண்டு வாங்கோ, மாட்டுக்குக் கால் நனையாது."

வறட்சி வானத்திலிருந்து வருவதாகத்தான் வானொலியில் சொல்கிறார்கள். எங்கள் ஊருக்கு அது முதல் மடையால்தான் வந்தது.