இன்னும் ரெண்டடி பின்னால

எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தால் ஒரு வாசனை வரும். பழைய தோல், கொஞ்சம் எண்ணெய், மாத்திரை டப்பாவில் போடுகிற ஜெல் பொட்டலம், எல்லாம் கலந்த வாசனை. வீடு முழுக்க சாந்தாமணியின் ராஜ்யம். அந்தத் தட்டு மட்டும் என்னுடையது. உள்ளே ஒரு சின்ன பல்ப் ராப்பகலாக எரியும். லென்சுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அந்தச் சூடு வேண்டும். "நம்மூட்டுச் சாமிக்குக்கூட இப்படி அணையா வெளக்கு கெடையாதுங்க" என்று வருசத்துக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவாள். பெண்டாட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது, பல்பை மட்டும் நான் அணைப்பதில்லை.

நேற்று அந்தத் தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மகள் போன் செய்திருந்தாள். பேரனுக்குப் பள்ளி விடுமுறை. கோத்தகிரியில் மூன்று நாளைக்கு ஒரு வீடு எடுத்திருக்கிறார்களாம், எல்லோரும் ஒரே காரில் போகிறோமாம். "டிக்கியில எடமில்லீங்கப்பா. உங்க கேமரா மூட்டையெல்லாம் தூக்கிட்டு வராதீங்க, ஒரே பேக்குதான்" என்றாள். சரி கண்ணு என்று சொல்லிவிட்டேன்.

எதை எடுத்துப்போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்பது கேமரா வைத்திருப்பவர்களுக்குப் பிடித்தமான ஒரு வியாதி. ஊருக்குப் போகிற சந்தோசத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. பழைய பெட்சீட்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். காற்றடிக்கிற ரப்பர் பந்து, துடைக்கிற துணி (நைந்துபோன பனியனைவிட நல்ல துணி உலகத்தில் கிடையாது, காசு கொடுத்து வாங்காதீர்கள்), ஸ்டாண்டு, பில்டர், லென்சுகள். வைத்ததை எடுப்பேன், எடுத்ததை வைப்பேன். மற்றவர்களுக்கு இது விளையாட்டு. எனக்கும் அப்படித்தான், நூற்று முப்பத்தைந்தைக் கையில் எடுக்கும்வரை.

நூற்று முப்பத்தைந்து என்பது ஒரு லென்ஸ். அரைச் சாண் நீளம், தூக்கினால் நல்ல கனம். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும். அதற்குக் கூலியாக உங்களைத் தள்ளி நிற்கச் சொல்லும். ஒரு முழு ஆளை அதற்குள் அடைக்க வேண்டுமென்றால் உங்களுக்கும் அவருக்கும் நடுவே இருபது அடிக்கு மேல் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

கல்யாணமாகி நாலு மாதம். கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் டிராயிங் செக்சனில் வேலை, போத்தனூரில் வாடகை வீடு. சாந்தாமணிக்கு ஊர் சோமனூர். என் மாமனார் பன்னிரண்டு தறி ஓட்டிக்கொண்டிருந்தார். ராத்திரி பகல் தறிச்சத்தத்தில் இருந்து இருந்து காது மந்தம். ஆனால் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. எனக்கு அவர் வயசில் பாதிகூட இல்லை. அவர் என்னிடம் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்தால் அவரும் எழுந்துவிடுவார். பாத்ரூமுக்குப் போகவே கூச்சமாக இருக்கும்.

அந்த மனுசன் பிறந்ததிலிருந்து மலைக்குப் போனதில்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. புது மாப்பிள்ளைக்கு வீரம் வந்துவிட்டது. நான் கூட்டிப்போகிறேன் என்றேன். மாமியார் தறியைப் பார்த்துக்கொள்ள நின்றுகொண்டார். நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம்.

அதற்கு முந்தின நாள் என் கூட வேலை செய்த பால்ராஜ் தன்னுடைய இருபத்தெட்டைக் கொடுக்க வந்தான். அது அகல லென்ஸ், பக்கத்தில் நின்றே எல்லாவற்றையும் வளைத்துப் பிடித்துவிடும். "கொண்டுட்டுப் போப்பா. மலைல ரோடு இத்தனூண்டுதான் இருக்கும், பின்னால போறதுக்கு எடமே இருக்காது" என்றான். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னான். நான் கேட்கவில்லை. அதில் எடுத்தால் முகமெல்லாம் பூசணிக்காய் மாதிரி வரும் என்று அலட்டிக்கொண்டேன். உண்மை வேறு. அகல லென்ஸ் பார்க்கக் குட்டையாக, மூடி மாதிரி இருக்கும். நூற்று முப்பத்தைந்தை மாட்டிக்கொண்டு நின்றால் பத்திரிகைக்காரன் போல இருக்கும். மாமனார் முன்னால் நான் எப்படித் தெரிவேன் என்பதுதான் என் கவலையாக இருந்தது. சிரிக்காதீர்கள், நீங்களும் புது மாப்பிள்ளையாக இருந்திருப்பீர்கள்.

மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு ஜீப் பேசினோம். எங்கேயோ பாக்கு வெந்துகொண்டிருந்தது. துவர்ப்பும் புகையுமாக ஒரு வாசனை. இன்றைக்கும் அது எனக்கு ஆகாது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அந்த வழியாகப் போனபோதுகூட கார் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். ஏசி போட்டிருக்கிறோம் அல்லவா என்று சாக்குச் சொன்னேன்.

ஏழெட்டு வளைவு ஏறியதும் சாந்தாமணிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கோத்தகிரிக்கு இந்தப் பக்கம், பெயரில்லாத ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தினோம். அவள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்துவிட்டாள். டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணி பிடிக்க மேலே ஊற்றுக்குப் போனார். ரோட்டோரம் கொஞ்சம் புல், அதற்கப்புறம் வெள்ளையாகப் பனி. பனி ஒரு நிமிசம் விலகினால் எதிர் மலை தெரியும், மறுபடி மூடிக்கொள்ளும். மாமனார் சலவை வேட்டியும் தோளில் துண்டுமாக நின்று கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் கேமராவைத் தூக்கினேன்.

முட்டிக்குக் கீழே தெரியவில்லை. நான் பின்னால் நகர்ந்தேன். இரண்டே எட்டில் முதுகு ஜீப்பில் முட்டிவிட்டது. பைக்குள் ஐம்பது என்கிற சாதாரண லென்ஸ் இருந்தது, அதை மாட்டினால் தீர்ந்தது. ஆனால் அந்தப் பனியில் லென்சைக் கழற்றினால் உள்ளே ஈரம் போய்விடுமே, பூஞ்சை பிடித்துவிடுமே என்று பயந்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த ஒரே பயம் அதுதான். கடவுளே, அந்தப் பயம்.

"மாமா, காலு வெட்டுதுங்க. ஒரு ரெண்டடி பின்னால போங்க."

"சரிங்க மாப்ள."

போனார். இன்னும் பாதம் வரவில்லை. "இன்னும் ரெண்டடிங்க மாமா." "சரிங்க." மேலேயிருந்து டிரைவர் என்னமோ கத்தினார். நான் கண்ணை எடுக்கவில்லை. பனி விலகுகிற மாதிரி இருந்தது, அதை விட மனமில்லை. "அவ்வளவுதானுங்க, இன்னும் ஒரே ஒரு அடி." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அமுக்கினேன்.

அந்தக் காலத்துக் கேமராவில் ஒரு விசயம் உண்டு. அமுக்கியதும் உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே போகும், கண்ணுக்கு எல்லாம் இருட்டாகும். கண் சிமிட்டுகிற நேரம்தான். கண்ணாடி இறங்கியதும் எதிரில் இருப்பது மறுபடி தெரியும். அன்றைக்குக் கண்ணாடி இறங்கியது. பனி தெரிந்தது. ஆளைக் காணோம்.

சத்தமே இல்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. கல் உருண்ட சத்தமோ, ஐயோ என்ற குரலோ ஒன்றுமில்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்று உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். அவர் உயிரைப் பற்றித் தோன்றவில்லை. நான் தள்ளிவிட்டேன் என்றுதானே சோமனூரில் பேசுவார்கள் என்று தோன்றியது. அப்படிப்பட்ட ஆள் நான்.

பிறகுதான் ஓடி, விளிம்பில் குப்புறப் படுத்து, மாமா மாமா என்று அலறினேன். பதிலில்லை. பின்னால் ஜீப் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அப்போது பனிக்குள்ளிருந்து, ரொம்பப் பக்கத்திலிருந்து, அந்தத் தணிந்த குரல் வந்தது.

"ஒண்ணுமில்லீங்க மாப்ள. போட்டா எடுத்துப்போட்டீங்களா?"

பத்தடி கீழே உண்ணிச்செடிப் புதரில் சிக்கி உட்கார்ந்திருந்தார். அந்தப் புதருக்குக் கீழே ஒன்றும் இல்லை. டிரைவர் கயிறு போட்டு ஏற்றினார். மணிக்கட்டில் விரிசல், முதுகெல்லாம் கீறல். ஏறி வந்ததும் அவர் செய்த முதல் வேலை, வேட்டி கிழிந்திருந்ததை மறைத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டது. டிரைவர் என்னைப் பார்த்து, "அத்தன கத்துறனுங்க, பள்ளம் பள்ளம்னு. காதுல உழுகலீங்களா?" என்றார். மாமனார் முந்திக்கொண்டார். "எனக்குத் தறிக்காதுங்க தம்பி. கேக்கலீங்க. புல்லு வழுக்கிப்போட்டுது."

அதுவே எல்லோருக்கும் பதிலாகிவிட்டது. புல் வழுக்கியது, காது கேட்கவில்லை. மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போதும் அதையேதான் சொன்னார். சாந்தாமணி மட்டும் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, "எங்கப்பனுக்கு மட்டும் ஏதாச்சும் ஆயிருந்தா" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் முடிக்கவில்லை. என்றைக்காவது முடித்துவிடுவாளோ என்று இருக்கிறது.

பிறகு பல வருசம் கழித்து அவருக்குக் கண்புரை ஆபரேசன். இரண்டு வாரம் எங்கள் வீட்டில் இருந்தார். சொட்டுமருந்து நான்தான் விட்டேன். மாப்பிள்ளை கையால் மருந்தா என்று முதல் நாள் மறுத்து, பிறகு ஒத்துக்கொண்டார். ஒரு நாள் சாந்தாமணி கடைக்குப் போயிருந்தாள். மருந்து விட்டு, கண்ணை மூடிப் படுத்திருந்தவர், ஏதோ தேங்காய் விலை சொல்வது போல ஆரம்பித்தார்.

"ஏனுங்க மாப்ள. அன்னைக்கு மலைல, பின்னால பள்ளமுன்னு எனக்குத் தெரியுமுங்க."

கையிலிருந்த மருந்து பாட்டிலை வைக்கக்கூட எனக்கு இடம் தெரியவில்லை. "டிரைவர் கத்துனது கேட்டுதுங்களா?"

"கேட்டுதுங்க."

"தெரிஞ்சுமாங்க போனீங்க?"

"நீங்க சொல்லிட்டீங்க. மொதமொதல்ல ஆசையாக் கூட்டிட்டு வந்திருக்கறீங்க. ஒரு போட்டாவுக்குப் போயி மாட்டேன்னு எப்படிங்க சொல்றது?" கன்னத்தில் வழிந்த மருந்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். "இன்னொரு அடி இருக்குமின்னு நெனச்சுப்போட்டேனுங்க."

அதுவரை நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை. பள்ளத்துக்குப் பயப்படலாம், கம்பி போட்டுக்கொள்ளலாம். என் வாயிலிருந்து விளையாட்டாக வருகிற ஒரு வார்த்தைக்கு ஒரு பெரிய மனுசன் உயிரை வைத்துவிடுவார் என்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது? இதைச் சாந்தாமணியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை வாய்வரை வந்திருக்கிறது.

அந்த மலைக்குப் பிறகு நான் எப்போது கேமராவைத் தூக்கினாலும் அவர் தானாகவே பின்னால் நகர ஆரம்பித்துவிடுவார். நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். மகளின் காதுகுத்து அன்றைக்கு, மண்டபத்தில், சுவரில் முதுகு இடிக்கும்வரை போனார். இடித்த பிறகும் போதுமா என்பது போல என்னைப் பார்த்தார். நான் கேமராவை மூடிவிட்டேன். அன்றோடு அவரைப் படமெடுப்பதை நிறுத்தினேன். ஊரில் இருக்கிற மாமனார்களையெல்லாம் எடுத்தேன், அவரை எடுக்கவில்லை.

இப்போது யாரையும் பின்னால் போகச் சொல்ல வேண்டியதில்லை. பேரனை நில்லு என்றால் அவன் போனைப் பிடுங்கித் தன்னையே எடுத்துக்கொள்கிறான். மருமகன் நல்ல பையன். ஆனால் நான் எழுந்தால் அவர் எழுவதில்லை. அப்பாடா என்று இருக்கிறது. அந்த வளைவிலும் கம்பி கட்டி, பக்கத்தில் டீக்கடை வந்துவிட்டதாம். நேற்று கடைசியில், அந்த மலைக்குப் பிறகு வாங்கிய இருபத்தெட்டை மட்டும் பையில் வைத்தேன். சாந்தாமணி பார்த்தாள், பை ஜிப்பை இழுத்து மூடினாள்.

மாமனார் போய்ப் பத்து வருசம். தூக்கத்திலேயே போனார், யாருக்கும் தொந்தரவில்லாமல். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார்கள். வீட்டில் போட்டோ எடுக்கிற மாப்பிள்ளை இருந்தும், எல்லா ஆல்பத்தையும் புரட்டியதில் அவர் தனியாக, தெளிவாக நிற்கிற படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. நான்தான் அந்த நெகட்டிவை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் முகத்தைப் பெரிதாக்கி, "தாத்தா நல்லாச் சிரிக்கிறாருங்க அங்கிள்" என்றாள். "பின்னாடி வெறும் வெள்ளையா இருக்குதுங்களே, நீலம் போட்டுரட்டுங்களா?" போடச் சொன்னேன். நாலு சொடுக்கில் பனி போய்விட்டது. மார்பளவுக்கு வெட்டியதில் புல், பள்ளம், சலவை வேட்டி, நான் இவ்வளவு பாடுபட்டு உள்ளே கொண்டுவந்த அந்தப் பாதம், எல்லாம் போய்விட்டது.

சோமனூர் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் மாலையோடு இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அது சாந்தமாகச் சிரிக்கிற ஒரு பெரியவர். நான் மட்டும் அதன் முன்னால் நிற்கும்போது, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: போதுமுங்க மாமா, முன்னால வாங்க.