முன்தண்டு குமரகுருவின் மூச்சு

எங்கள் தெரு முருகனுக்குப் பல்லக்குத் தூக்குகிறவர்களில் வலது முன்தண்டு குமரகுருவுடையது. இருபத்தாறு வருஷமாக அந்த இடத்தில் வேறு தோள் பட்டதில்லை. பிழைப்புக்குப் பட்டுத் தறி, பெருமைக்கு முன்தண்டு. தறியைப் பற்றிக் கேட்டால் ஒரு வரியில் முடிப்பார். தண்டைப் பற்றிக் கேட்டால் நம் கையில் இருக்கும் காபி ஆறிவிடும்.

இன்னொரு புகழும் உண்டு, குறட்டை. வாலாஜாபாத் பஸ் ஒன்று, பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது என்று ஒதுங்கி வழிவிட்டு அவர் வாசலில் நின்றது. நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். இறங்கி வந்து லாரியைத் தேடிய கண்டக்டரைக் கேளுங்கள். தெருவில் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. "உழைச்ச உடம்பு, அப்படித்தான் தூங்கும்" என்றார்கள். அதே உடம்பு காலையில் தலைவலியோடு எழுந்ததையும், பத்து மணிக்குத் தறியில் உட்கார்ந்தபடியே தூக்கத்தில் சாமியாடியதையும்கூட உழைப்பின் தலையிலேயே போட்டார்கள்.

மனைவி மங்கையர்க்கரசிக்கு மட்டும் சந்தேகம். "டாக்டர்கிட்ட ஒரு நடை வாங்களேன்" என்பாள்.

"ஏன், முன்தண்டை உதயகுமாருக்கு வாங்கிக் குடுக்கவா?" என்பார் அவர்.

உதயகுமார் அவருடைய சித்தப்பா மகன். பின்தண்டில் நின்று பத்து வருஷமாக முன்னால் ஏக்கமாகப் பார்க்கிறவன். எங்கள் தெருவில் ஒரு கட்டு உண்டு: காரணம் சொல்லாமல் ஒரு திருவிழாவுக்கு வராதவனுக்கு அந்த இடம் போயிற்று. காரணம் சொல்லலாம்தான். ஆனால் டாக்டரிடம் போய் வந்து 'நெஞ்சில் கோளாறு' என்று சொன்னால் சாமியை யார் நம்பித் தருவார்கள்? குமரகுருவின் பயமெல்லாம் அதுதான்.

போன பங்குனி உத்திரம், காலை எட்டு மணி. வழியில் சாமியை நிறுத்திப் பூஜை செய்யும் மண்டகப்படிக்காரர் வீட்டு வாசலில், தண்டுகளுக்குக் கட்டை முட்டுக் கொடுத்துப் பல்லக்கை நிறுத்தினார்கள். எல்லாரும் மோர் குடிக்க நகர, குமரகுரு தண்டில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டார். நாதஸ்வரக்காரர் கண்ணை மூடி ராகம் எடுத்தார். சுருதிப்பெட்டியில் சார்ஜ் தீர்ந்துபோனது அவருக்குத் தெரியாது. ஆனாலும் சுருதி கனமாக, விடாமல் வந்துகொண்டிருந்தது. "இன்னிக்கு சுருதி அமிர்தம்" என்று தலையை வேறு ஆட்டிக்கொண்டார்.

திடீரென்று சுருதி நின்றது. நாதஸ்வரம் நின்றது. தவிலும் நின்றது. தெருவே திரும்பிப் பார்த்தது. குமரகுருவின் வாய் திறந்திருந்தது, மூச்சைக் காணோம். பிறகு பெரிய உறுமல் ஒன்று. பல்லக்கு மணியெல்லாம் ஆடியது. தெரு விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மங்கையர்க்கரசி. இன்னொருத்தி எதிர்வீட்டு நர்ஸ் திரிஷா.

"பெரியம்மா, வீட்லயும் மூச்சு இப்படி நிக்குதா?"

"தெனம் நிக்குதுமா. நான்தான் தட்டி எழுப்பிக்கினு இருக்கேன்."

"இது தூக்கமே இல்ல பெரியம்மா. உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க."

குமரகுரு மறுத்தார். மங்கையர்க்கரசி சண்டை போடவில்லை. "கோவில் மைக் யார்கிட்ட இருக்குதுன்னு எனக்குத் தெரியும், உங்க மூச்சு தெனம் நிக்குறதை அதுல சொல்லிடுவேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாளே புறப்பட்டார்.

டாக்டர் புவனேஸ்வரி கேட்டார்: "மூச்சு எவ்ளோ நேரம்மா நிக்குது?"

"பத்து தரம் நாடா ஓட்டுற நேரம் டாக்டரம்மா."

டாக்டர் விழித்தார். மங்கையர்க்கரசி நாற்காலியிலேயே தறி போட்டாள். கால் மிதித்தது, கை நாடாவை வீசியது, பலகை அடித்தது, எல்லாம் காற்றில்தான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்துமூன்று விநாடி. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்துச் சோதித்தார்கள். முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்:

"குறட்டை விடுற எல்லாருக்கும் இது கிடையாது. உங்களுக்குத் தூக்கத்துல தொண்டை மூடிக்குது, மணிக்கு முப்பத்தெட்டு தரம். ஒவ்வொரு தரமும் ஆக்சிஜன் இறங்குது, பிரஷர் ஏறுது. ராத்திரி பூரா உங்க இதயம் பல்லக்கு தூக்குது. அதை இறக்கி வைக்க ஒரு மண்டகப்படியும் இல்ல."

"அப்போ வைகாசி விசாகத்துக்கு நான் தூக்கலாமா?"

"வேணாம். மூக்குல மாட்டுற மெஷின் தரேன், தெனம் போட்டுக்கினு தூங்குங்க. எடையைக் குறைங்க. பிரஷர் இறங்கட்டும், ஆடியில பார்க்கலாம்."

மூக்கிலிருந்து குழாய் தொங்க மெஷின் மாட்டிய முதல் நாள், "புள்ளையாருக்கு இந்த வீட்ல இன்னா வேலை?" என்று மங்கையர்க்கரசி கேட்டாள். பத்தாம் நாள் காலையில் தலைவலி இல்லை. பக்கத்துவீட்டு அகிலாதான் பாவம், தினம் ஐந்து மணிக்கு எழுப்பும் சத்தம் இல்லாமல் வேலைக்குப் போகும் பஸ்ஸை இரண்டு முறை விட்டாள்.

விசாகத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, தூக்குகிறவர்கள் கூடிய இடத்தில் குமரகுரு எழுந்து நின்றார். அவர்களுக்குத் தலைவர் நமச்சிவாயம். குமரகுரு நெஞ்சு, மூச்சு, மெஷின் எல்லாவற்றையும் சொன்னார். நமச்சிவாயம் தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் ராத்திரியில மூச்சு நிக்குதுன்னு வீட்ல கத்திக்கினுதான் இருக்கா. அந்த டாக்டரம்மா எத்தனை மணிக்குப்பா இருப்பாங்க?"

"போன் நம்பர் இருக்குதா?" என்று பின்னாலிருந்து இன்னும் மூன்று குரல்கள்.

"முன்தண்டு குருவுக்குத்தான். அவன் வர்ற வரைக்கும் உதயகுமார் நிக்கட்டும்" என்று முடித்தார் நமச்சிவாயம்.

விசாகத்தன்று உதயகுமார் மார்பை விரித்துக்கொண்டு முன்னால் நின்றான். இரண்டாவது தெருவிலேயே முகம் சிவந்துவிட்டது. பல்லக்குக்கு எதிரே பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார் குமரகுரு. முன்தண்டு பிடிக்கிறவனுக்குச் சாமி எப்போதும் முதுகுப் பக்கம்தான். உலா வரும் முருகனை இருபத்தாறு வருஷத்தில் இன்றுதான் எதிரே பார்க்கிறார்.

"அண்ணே, தோள் எரியுது. எப்ப வருவே?"

"டாக்டரம்மா ஆடின்னு சொல்லிக்கினு இருக்காங்க" என்றார் குமரகுரு, முருகன் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆடிக்கு இன்னா அவசரம்? நல்லா நிமிந்து தூக்குடா, சாமி முகம் மறையுது."